வீட்டுக்கல்வி: முதல் கேள்வி கணவன் மனைவிக்குத்தான்

கிறிஸ்தவக் குடும்பங்களில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்ற பேச்சு எழுந்தால் கேள்விகள் வரிசையாக வரும். எந்தப் பாடத்திட்டம் நல்லது, கணக்கை யார் சொல்லித் தருவது, பிள்ளைக்கு நண்பர்கள் கிடைப்பார்களா, பிற்பாடு கல்லூரியில் இடம் கிடைக்குமா? எல்லாமே நியாயமான கேள்விகள். பெரும்பாலானவற்றுக்கு இன்று பதிலும் இருக்கிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் வர வேண்டிய ஒரு கேள்வியைப் பலரும் கேட்பதில்லை: இந்த வேலையை வீட்டில் யார் செய்யப் போகிறார், மற்றவர் என்ன செய்யப் போகிறார்? வீட்டுக்கல்வி பார்ப்பதற்குப் பள்ளியைப் பற்றிய முடிவுபோல இருக்கும். அந்த முடிவை நல்லபடியாக நடத்துவதும் குலைப்பதும் பெரும்பாலும் அந்த வீட்டின் திருமணம்தான் என்று நான் நினைக்கிறேன்.

இந்த வழியில் போகிறவர்கள் முதலில் எடுத்துக்காட்டும் வசனம் உபாகமம் 6:7. கர்த்தருடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து, வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் அவைகளைக் குறித்துப் பேச வேண்டும் என்கிறது அது. இந்த வசனம் பள்ளிக்கூடம் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு மாலையில் அவனோடு உட்கார்ந்து பேசுகிற பெற்றோரும் இதற்குக் கீழ்ப்படிகிறவர்கள்தான். நாள் முழுக்க வீட்டில் வைத்துக்கொண்டு பாடப்புத்தகத்தின் பக்கங்களை மட்டும் முடிக்கிற பெற்றோர் இதைத் தவறவிடவும் கூடும். எபேசியர் 6:4 இன்னும் நேரடியாகப் பேசுகிறது: "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல், கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் அவர்களை வளர்ப்பீர்களாக." நடைமுறையிலோ வீட்டுக்கல்வியின் அன்றாடப் பாரம் பெரும்பாலும் தாய்மார்களின் தோளில்தான் விழுகிறது. அங்கிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது.

கிறிஸ்தவ வீட்டுக்கல்விக்கு முன்மாதிரி கேட்டால் உடனே வரும் பெயர் சூசன்னா வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான், சார்ல்ஸ் வெஸ்லி சகோதரர்களின் தாய். இங்கிலாந்தின் எப்வொர்த் ஊரில் குருவானவராக இருந்த சாமுவேலை மணந்து 19 பிள்ளைகளைப் பெற்றார். அவர்களில் 10 பேர்தான் பிழைத்து வளர்ந்தார்கள். வீட்டில் பாடம் நடந்த விதத்தை ஜான் கேட்டுக்கொண்டதன்பேரில் 1732 ஜூலையில் எழுதிய கடிதத்தில் அவரே விவரித்திருக்கிறார். ஐந்து வயது முடியும்வரை எழுத்தே சொல்லித் தருவதில்லை. ஐந்து முடிந்ததும், காலை 9 முதல் 12, பிற்பகல் 2 முதல் 5 என்று ஒரே நாளில் எழுத்துகள் அனைத்தும். இரண்டு பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றரை நாள் பிடித்ததாம். அடுத்த நாள் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்க வேண்டும்.

அந்தக் கடிதத்தில் இருக்கும் சில சட்டங்கள் இன்றைக்கும் யோசிக்க வைப்பவை. செய்த தப்பை உண்மையாக ஒப்புக்கொள்கிற பிள்ளைக்கு அடி கிடையாது, ஏனென்றால் அடிக்குப் பயந்துதான் பிள்ளைகள் பொய் சொல்லப் பழகுகிறார்கள். ஒரு தப்புக்கு ஒரு முறைதான் தண்டனை, அதைப் பிற்பாடு சொல்லிக் காட்டக் கூடாது. நன்றாக வாசிக்கத் தெரியும்வரை எந்தப் பெண்பிள்ளைக்கும் வீட்டு வேலை பழக்கக் கூடாது. பெண்பிள்ளைகளுக்குத் தையல்தான் முதல் படிப்பு என்று இருந்த காலத்தில் எழுதியது இது! அதே கடிதத்தில் இன்று நாம் ஏற்க முடியாத கடுமையும் இருக்கிறது. ஒரு வயதிலேயே பிரம்புக்கு அஞ்சவும், அழுதால் மெல்ல அழவும் பிள்ளைகள் பழக்கப்பட்டார்கள். முன்மாதிரியை எடுக்கும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரியாத ஒரு தொடர்பு இந்த வீட்டுக்கும் தரங்கம்பாடிக்கும் உண்டு. சாமுவேல் சபை வேலையாக லண்டனில் தங்கியிருந்த சமயம், டென்மார்க் அரசர் தரங்கம்பாடிக்கு அனுப்பிய மிஷனரிகளைப் பற்றிய நூல் ஒன்று சூசன்னாவின் கைக்குக் கிடைத்தது. அதை வாசித்தபோது உண்டான பாரத்தில்தான், ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஒரு மாலை தனியாக உட்கார்ந்து பேசத் தீர்மானித்ததாக 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதுகிறார். ஜானுக்கு வியாழக்கிழமை, சார்ல்ஸுக்குச் சனிக்கிழமை. பெரியவனான பிறகும் ஜான் அந்த வியாழக்கிழமைகளை ஏக்கத்தோடு நினைவுகூர்ந்திருக்கிறார். ஆறு மணி நேர வகுப்பையும் அந்த ஒரு மாலையையும் ஒப்பிட்டால், பிள்ளைகள் மனதில் ஆழமாகத் தங்கியது அந்த மாலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உபாகமம் சொல்கிற பேச்சும் அதுதானே.

சரி, இந்த வீட்டின் திருமணம் எப்படி இருந்தது? சாமுவேல் படித்தவர், உழைப்பாளி. ஆனால் கடனாளி. 1705-ல் கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். அதற்கும் முன்பு, அரசர் வில்லியமுக்கான ஜெபத்துக்குச் சூசன்னா ஆமென் சொல்ல மறுத்ததைப் பெரிதாக்கி, மனைவியை விட்டுச் சில மாதங்கள் விலகியே இருந்தார். ஜான் பிறந்தது அந்தப் பிரிவு முடிந்த பிறகுதான். கணவர் லண்டனில் இருந்தபோது சூசன்னா ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்காக நடத்திய குடும்ப ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி, கூட்டம் 200 பேரைத் தாண்டியது. உதவிக்குரு புகார் எழுத, நிறுத்திவிடும்படி கணவரிடமிருந்து கடிதம் வந்தது. வெறுமனே விருப்பத்தைச் சொல்ல வேண்டாம், நிறுத்து என்று தெளிவாகக் கட்டளையிடுங்கள், அப்போதுதான் இந்த ஆத்துமாக்களுக்கான பொறுப்பு என்மேல் இராது என்று பதில் எழுதினார் சூசன்னா. பிள்ளைகளின் கல்வியை ஏறத்தாழத் தனியாளாகச் சுமந்த ஒரு பெண்ணின் குரல் அது.

அந்த வீட்டிலேயே மிகுந்த அறிவுடையவள் என்று பேசப்பட்டவள் ஹெட்டி. எட்டு வயதில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வாசித்தாள் என்பார்கள். கவிதையும் எழுதினாள். 1725-ல், தான் நம்பிய ஒருவனோடு வீட்டை விட்டுப் போய், அவன் கைவிட்டதும் கர்ப்பிணியாகத் திரும்பி வந்தாள். தகப்பன் மன்னிக்கவில்லை. அவளோடு எந்த வகையிலும் ஒத்துப்போகாத ஒருவருக்கு அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வாழ்க்கை அவளுக்குத் துயரமாகவே முடிந்தது. பாவத்தில் விழுந்தவர்களிடமும் அன்பு காட்ட வேண்டும் என்று ஜான் பிரசங்கம் செய்ய, அது தன்னைக் குறித்துத்தான் என்று தகப்பன் கோபப்பட்டார். "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து; அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்ற நீதிமொழிகள் வசனத்தை உத்தரவாதப் பத்திரம்போலப் படிக்கிறவர்களுக்கு ஹெட்டியின் கதையைச் சொல்ல வேண்டும். பாடம் எவ்வளவு நன்றாக நடந்தாலும், விழுந்த பிள்ளை திரும்பி வருவதற்குத் தகப்பனிடம் இடம் இருந்ததா என்பது வேறு கேள்வி.

பிள்ளைக்குக் கற்பிப்பது வீட்டின் கடமை என்ற எண்ணம் சீர்திருத்தக் காலத்தில் வலுப்பெற்றது. விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாகச் சொல்லும், 1529-ல் லூத்தர் எழுதிய சிறிய வினாவிடை, குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்குச் சொல்லித் தருவதற்காகவே எழுதப்பட்டது. ஸ்காட்லாந்து திருச்சபை 1647-ல் குடும்ப ஆராதனைக்கென்றே ஒரு நெறிமுறையை ஏற்று, அதை அலட்சியம் செய்கிற குடும்பத் தலைவரைச் சபை கண்டிக்கலாம் என்றது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1642-ல் பிள்ளைகளுக்கு வாசிக்கவும் மார்க்கத்தின் அடிப்படைகளை அறியவும் கற்பிப்பதைப் பெற்றோர்மேல் சட்டமாக விதித்தது. ஐந்தே வருடத்தில் அது போதவில்லை என்று கண்டு, 50 குடும்பங்கள் உள்ள ஊர் ஒரு ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்று 1647-ல் இன்னொரு சட்டம் போட்டார்கள். பக்தியுள்ள அந்தச் சமுதாயத்திலேயே எல்லா வீடுகளாலும் இதைச் செய்ய முடியவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டால், பள்ளியே கிறிஸ்தவக் குடும்பத்துக்கு எதிரி என்று பேச வாய் வராது.

இன்று நாம் அறிந்த கிறிஸ்தவ வீட்டுக்கல்வி இயக்கம் உருவானது 20-ஆம் நூற்றாண்டின் அமெரிக்காவில். 1962, 1963-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அரசுப் பள்ளிகளில் பள்ளியே நடத்தும் ஜெபத்தையும் வேதவாசிப்பையும் நிறுத்தின. அரசுப் பள்ளி இனி நம்முடையதல்ல என்ற வருத்தம் பல சபைகளில் பரவியது. முதலில் கிறிஸ்தவத் தனியார் பள்ளிகள் பெருகின. வீட்டுக்கல்வி என்ற யோசனை இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. அதை உரக்கச் சொன்னவர்களில் ஒருவரான ஜான் ஹோல்ட் மத நோக்கம் எதுவும் இல்லாத கல்விச் சீர்திருத்தவாதி. பள்ளிகளை உள்ளிருந்து திருத்தவே முடியாது என்று சலித்துப்போனவர். அதே காலத்தில் ரேமண்ட் மூர், டோரதி மூர் என்ற, அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த தம்பதியர், எட்டு வயதுக்கு முன்னால் பிள்ளையை முறையான படிப்பில் திணிக்கக் கூடாது என்று எழுதிவந்தார்கள். ஜேம்ஸ் டாப்சனின் குடும்ப வானொலி நிகழ்ச்சியில் ரேமண்ட் மூர் பேசியபோது அது ஆயிரக்கணக்கான சுவிசேஷக் கிறிஸ்தவத் தாய்மார்களின் காதில் விழுந்தது. இயக்கம் வேகம் பிடித்தது அங்கேதான்.

அப்போது பல மாநிலங்களில் இது சட்டத்துக்கு உட்பட்டதா என்பதே தெளிவில்லை. டெக்சாஸில் பெற்றோர்மேல் வழக்குகள் போடப்பட்டன. வீட்டுப் பள்ளியும் தனியார் பள்ளியே என்று 1987-ல் ஒரு நீதிமன்றம் சொல்லி, 1994-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்யும்வரை அந்தப் போராட்டம் நீண்டது. மிச்சிகனில் அரசுச் சான்று பெற்ற ஆசிரியர்தான் கற்பிக்கலாம் என்று விதி இருந்தது. மார்க்க நம்பிக்கையின் பேரில் மறுக்கும் குடும்பங்களுக்கு அது பொருந்தாது என்று 1993-ல் தீர்ப்பு வந்தது. 1983-ல் தொடங்கிய வீட்டுப்பள்ளிச் சட்டப் பாதுகாப்புச் சங்கம் இப்படிப்பட்ட வழக்குகளை நடத்தி வளர்ந்தது. இன்று அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இதற்கு அனுமதி உண்டு, விதிகள்தான் வேறு வேறு. நியூயார்க்கில் காலாண்டு அறிக்கையும் வருடாந்தர மதிப்பீடும் கொடுக்க வேண்டும். டெக்சாஸில் அரசுக்குத் தெரிவிக்கவே வேண்டியதில்லை. ஜெர்மனியிலோ மார்க்கக் காரணம் சொன்னாலும் அனுமதி கிடையாது. அந்நாட்டுக் குடும்பங்கள் போட்ட வழக்குகளில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006-லும் 2019-லும் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது.

எண்ணிக்கையும் வளர்ந்தது. அமெரிக்கக் கல்வித்துறையின் கணக்குப்படி 1999-ல் சுமார் 8.5 லட்சம் பிள்ளைகள், 2012-ல் சுமார் 18 லட்சம். கொரோனா வந்த 2020-ல், வீட்டுக்கல்வி நடத்தும் வீடுகளின் பங்கு வசந்தகாலத்தில் 5.4 சதவீதமாக இருந்து இலையுதிர்காலத்தில் 11.1 சதவீதமானது என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை சொன்னது. கறுப்பினக் குடும்பங்களில் உயர்வு இன்னும் அதிகம். இப்படி வந்தவர்களில் பலருக்கு மார்க்கம் முதல் காரணமாக இருக்கவில்லை. பள்ளியின் சூழல், பாதுகாப்பு, நோய்ப் பயம் என்று காரணங்கள் பல.

மதிப்பெண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் படித்த பிள்ளைகள் பள்ளிப் பிள்ளைகளைவிட வெகுவாக முந்துகிறார்கள் என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் ஆய்வு 1998-ல் லாரன்ஸ் ரட்னர் நடத்தியது. 20,760 பிள்ளைகள், நல்ல மதிப்பெண்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் ஒரே தேர்வுச் சேவைக்குத் தாங்களாக வந்து பதிந்த குடும்பங்களின் பிள்ளைகள். இது எல்லா வீட்டுப்பள்ளிப் பிள்ளைகளையும் குறிக்காது, பள்ளிகளோடு ஒப்பிடவும் ஆகாது என்று ரட்னரே எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு மதிப்பெண்ணை மட்டும் மேடையில் சொல்வது சத்தியத்தை மதிக்கிறவர்களுக்கு அழகல்ல.

இப்போது வீட்டுக்குள் வருவோம். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு காலையை நினைத்துப் பாருங்கள். வேதவாசிப்பும் வரலாறும் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லலாம். கணக்கு அப்படி முடியாது. பெரியவளுக்குப் பின்னம், அடுத்தவனுக்குக் கூட்டல், சின்னவனுக்கு இன்னும் மடியில் உட்கார வேண்டும். பெரியவள் பின்னங்களின் பகுதி எண்களைச் சமப்படுத்தாமலே கூட்டுகிறாள். அம்மா மூன்றாம் முறை சொல்லித் தருகிறாள், குரல் உயர்கிறது. பள்ளியில் என்றால் மணி அடித்ததும் ஆசிரியரும் மாணவியும் பிரிந்து போவார்கள். கோபம் ஆறிவிடும். இங்கே குரலை உயர்த்தியவளே அடுத்த பத்து நிமிடத்தில் சாப்பாடு போட வேண்டும், இரவில் ஜெபித்துத் தூங்க வைக்க வேண்டும். பின்னத்தில் வந்த மனத்தாங்கல் சாப்பாட்டு மேஜைக்கும் படுக்கைக்கும் கூடவே வரும். "கோபப்படுத்தாமல்" என்ற வார்த்தைக்கு மிகக் கடினமான சோதனை இந்த வீடுகளில்தான் நடக்கிறது.

மாலையில் கணவர் வருகிறார். "இன்றைக்கு என்ன படித்தார்கள்?" என்று அன்பாகக் கேட்டாலும், நாள் முழுக்கப் போராடியவளுக்கு அது மேலதிகாரியின் விசாரணைபோலக் கேட்கும். அவர் பக்கமும் பாரம் இருக்கிறது. ஒரே சம்பளத்தில் வீடு ஓடுகிறது, அதனால் வேலையில் எது நடந்தாலும் பொறுத்துக்கொள்கிறார். இருவரும் தங்கள் களைப்பே பெரிது என்று எண்ணத் தொடங்கினால் கசப்பு வேர்விட அதிக நாள் ஆகாது. அப்புறம் பிள்ளையின் மதிப்பெண் அவர்கள் சண்டைக்கு ஆயுதமாகிவிடும். உன் கண்டிப்பால்தான் இப்படி, உங்கள் கவனக்குறைவால்தான் இப்படி என்று.

கணவர் ஒரு பாடத்தையாவது முழுப் பொறுப்பாக எடுத்துக்கொள்கிற வீடுகளில் நிலைமை மாறுகிறது. உதவி செய்வது வேறு, பொறுப்பேற்பது வேறு. கணக்கு அவருடையது என்றால், எந்தப் புத்தகம் என்று தேடுவதும், திருத்துவதும், பிள்ளை பின்தங்கினால் இரவில் யோசிப்பதும் அவர் வேலை. அதோடு, வாரத்தில் சில மணி நேரமாவது மனைவி வீட்டை விட்டுத் தனியே வெளியே போக வழி செய்ய வேண்டும். பல குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு வகுப்புகளும் பெரிய துணை. அறிவியல் ஒருவர், இசை ஒருவர் என்று பகிர்ந்துகொண்டால் தாய்மார்களுக்குப் பேச்சுத்துணையும் கிடைக்கும்.

குடும்பத் தலைமை என்ற போதனையைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். கிறிஸ்து சபையில் அன்புகூர்ந்து தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்ததுபோலப் புருஷன் அன்புகூர வேண்டும் என்கிறது எபேசியர் 5. இயக்கத்தின் ஒரு பிரிவு அதைத் திருப்பிப் போட்டு, மனைவி கேள்வி கேட்கக் கூடாது, பெண்பிள்ளைக்குக் கல்லூரி தேவையில்லை, வளர்ந்த மகளும் திருமணம்வரை தகப்பனின் அதிகாரத்தில் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று போதித்தது. அப்படிப் போதித்தவற்றில் செல்வாக்குள்ள ஒரு அமைப்பு, தலைவர் தன் தகாத உறவை ஒப்புக்கொண்டு விலகியதும் 2013-ல் மூடப்பட்டது. அதே வருடம், வீட்டுப்பள்ளிகளில் வளர்ந்து பெரியவர்களான சிலர் பொறுப்புள்ள வீட்டுக்கல்விக்கான கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். இவர்கள் வீட்டுக்கல்வியை ஒழிக்கச் சொல்பவர்கள் அல்ல. பிள்ளையைக் குடும்பத்துக்கு வெளியே ஒரு பெரியவராவது வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், படிப்பை யாராவது மதிப்பிட வேண்டும் என்று கேட்கிறார்கள். பள்ளி ஆசிரியர் பிள்ளையின் உடலில் காயம் கண்டால் புகார் செய்யச் சட்டப்படி கடமைப்பட்டவர். வீட்டில் அந்தக் கண் இல்லை. எழுத்துக்களைப் பிரித்தறியச் சிரமப்படும் பிள்ளையைச் சோம்பேறி என்று பெற்றோரே வருடக்கணக்கில் தவறாக எண்ணிவிடவும் கூடும். இந்தக் கோரிக்கையைத் துன்புறுத்தல் என்று பல கிறிஸ்தவ அமைப்புகள் எதிர்க்கின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாத வீடு ஒரு நம்பிக்கையான ஆளை வருடத்துக்கு ஒருமுறை உள்ளே அழைப்பதில் என்ன நஷ்டம்? அரசு கேட்காவிட்டாலும் சபையில் இருக்கும் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரிடம் நாமே பிள்ளையின் நோட்டுகளைக் காட்டலாமே.

பிள்ளையின் விருப்பம் என்ன என்ற கேள்வி 1972-லேயே எழுந்தது. எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த, நவீன வாழ்க்கையை விட்டு விலகி வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பெற்றோருக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அப்போது நீதிபதி வில்லியம் டக்ளஸ் ஓரளவு மாறுபட்டு, பெற்றோரின் மார்க்க உரிமையை மட்டும் பேசுகிறோமே, அந்தப் பிள்ளைகளைக் கேட்டோமா என்று எழுதினார். பதின்பருவப் பிள்ளை உள்ள கிறிஸ்தவப் பெற்றோர் அந்தக் கேள்விக்குப் பயப்படத் தேவையில்லை. பள்ளிக்குப் போக வேண்டும் என்று 14 வயது மகன் சொன்னால் அது விசுவாசத்தை விட்டு விலகுவதல்ல. அணியில் விளையாட ஆசையாக இருக்கலாம், ஆய்வகம் வேண்டும் என்றிருக்கலாம், அம்மாவுக்கு மாணவனாக இல்லாமல் மகனாக மட்டும் இருக்க ஆசைப்படலாம்.

ஆகவே கணவனும் மனைவியும் வருடத்துக்கு ஒருமுறையாவது, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து இதை மறுபடி முடிவு செய்வது நல்லது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக, அந்த ஒரு வருடத்துக்கு மட்டும். மூத்தவளுக்கு வீடு பொருந்தி, இளையவனுக்குப் பள்ளி பொருந்தலாம். மனைவிக்கு உடம்பு முடியாத வருடம், புதிதாகக் குழந்தை பிறந்த வருடம், கணவர் வேலை இழந்த வருடம் என்று வீட்டின் நிலைமையும் கணக்கில் வரும். பேச்சை முதலில் மனைவி தொடங்கட்டும். இன்னொரு வருடம் தன்னால் முடியாது என்று அவர் சொன்னால், அதற்கு வசனத்தைப் பதிலாகச் சொல்லாமல், பக்கத்தில் இருக்கும் பள்ளிகளைப் போய்ப் பார்க்கும் வேலையைக் கணவர் ஏற்றுக்கொள்ளட்டும்.